நிழலில் காயும் இலை

பங்குனி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்து மொட்டைமாடிகளைப் புளி பிடித்துக்கொள்ளும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாசல், களம் எங்கும் புளிதான். அதே வீட்டுத் திண்ணையில், வெயில் எட்டாத மூலையில், பழைய வெள்ளை வேட்டி மேல் முருங்கை இலை பரப்பியிருக்கும். என் கண் அங்கேதான் போகும். புளியை வெயில் பார்த்துக்கொள்ளும். இலையை ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முருங்கையை வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் பச்சை வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும்; வாசனையும் போய்விடும். கீரைக்கு வேண்டியது காற்று. காம்பிலிருந்து உருவி, அலசி, ஈரத்தை உதறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். ஈரத்தோடு குவிந்து கிடந்தால் அடியில் கறுத்துப் புழுங்கிவிடும். அவ்வப்போது கையால் கிளறிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததைக் காதே சொல்லும்: அள்ளும்போது சலசலக்கும், கசக்கினால் நொறுங்கும். பச்சை இலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மடி நிறையப் பறித்தது ஒரு சின்னப் பாட்டிலுக்குள் அடங்கும்போது புதிதாகச் செய்பவர்கள் ஏமாந்தே போவார்கள்.

அந்தப் பாட்டிலை முதல் சில நாள் கவனிக்க வேண்டும். உட்புறக் கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தால் ஈரம் பாக்கி என்று அர்த்தம். தயங்காமல் கொட்டி மறுபடி பரப்பிவிடலாம். இன்னொன்று, இலையை இலையாகவே வைப்பதுதான் சரி. பொடித்த நாளிலிருந்து மணம் இறங்கத் தொடங்கும். களிக்குக் குழம்பு கூட்டும் நேரத்தில் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போட்டால் போதும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் மசாலா டப்பா அடுக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. சூடும் ஆவியும் சேருகிற அதைவிட மோசமான இடம் சமையலறையில் கிடையாது.

எல்லா இலையும் இதற்கு இணங்காது. கொத்தமல்லியின் மணம் எளிதில் பறந்துவிடும் எண்ணெய்களில் இருப்பதால், காய்ந்த தழையில் நிறம் மட்டுமே மிஞ்சும். அதைக் காயவைப்பது வீண் வேலை. கறிவேப்பிலை நடுத்தரம்: உளுந்து, மிளகோடு வறுத்துப் பொடியாக்கினால் அருமை, தாளிக்கப் போட்டால் சருகு. புதினா ஓரளவு தாங்கும். வெந்தயக்கீரையோ காய்ந்தபின் வேறொரு ஆளாகவே மாறிவிடும். இன்று பாகிஸ்தானில் இருக்கும் கசூர் என்ற ஊர்ப் பெயரால் கசூரி மேத்தி என்று உலகமே அதைக் கொண்டாடுகிறது.

எனக்கோ இவை எல்லாவற்றுக்கும் மேலே வேப்பம்பூதான். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. யுகாதிக்கு வெல்லத்தோடு கொஞ்சம், சித்திரை முதல் நாள் பச்சடிக்குக் கொஞ்சம் என்று புதுப்பூ செலவாகும். மீதி ஆண்டு முழுவதற்கும். முந்தின இரவே மரத்தடியில் பழம்புடவை விரித்துவிட்டால் விடியலில் பூ விழுந்து கிடக்கும். முறத்தில் புடைத்துக் காம்பும் எறும்பும் போக்கிவிட்டுக் காயவைப்பார்கள். இலைக்கு ஆகாத வெயில் இதற்கு ஆகும். காய்ந்த பூ பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

அதன் அருமை நெய்யில்தான் தெரியும். மிதமான சூட்டில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்தால் கசப்பு முனை மழுங்கி, கொட்டை வறுத்த மணம் எழும். பருப்பில்லாத புளி ரசத்தில், இறக்கும்போது தூவினால் போதும். சேர்த்துக் கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கசந்துவிடும். பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று வாதாடுபவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு ரசத்தையும் குடித்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்.