எந்தக் காளான்?

மழைக்காலத்தில் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில், கரையான் புற்றருகே வெண்குடைகள் விரியும். மலைமக்கள் அவற்றைப் பறித்துக் குழம்பு வைப்பர். இதே பருவத்தில் இதழ்களிலும் காளான் கட்டுரைகள் முளைக்கும். அவற்றில் இரண்டு கூற்றுகளை அடிக்கடி காணலாம். வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்வது நச்சுக் காளான் என்பது ஒன்று. காளான் இறைச்சிக்கு நிகரான புரத உணவு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆராய்வோம்.

வெள்ளியைக் கறுக்கச் செய்வன கந்தகச் சேர்மங்கள். அவித்த முட்டையும் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. அதனால் முட்டை நஞ்சாகுமா? மாறாக, கொடிய அமானிட்டா காளான்களிலுள்ள அமாட்டாக்சின் வெள்ளியில் மாற்றம் எதையும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. தின்று 6 மணி நேரத்திற்கு மேல் சென்ற பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நோய் தெளிந்தாற்போலத் தோன்றும். அதற்குள் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 13 பேர் இறந்தனர்.

கட்டுரையாளர் சிலர் மலைமக்களின் அறிவையும் இக்கரண்டிச் சோதனையோடு சேர்த்து மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகின்றனர். இது தவறு. "இது நஞ்சா?" என்று கேட்பதைவிட, "இது நாம் அறிந்த புற்றுக்காளான்தானா?" என்று கேட்பதே சரி. அதன் தண்டு வேர்போல் நீண்டு, புற்றினுள் கரையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை செல்லும். 1979இல் கே. நடராஜன் தென்னிந்தியாவிலிருந்து டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்னும் புற்றுக்காளானை விவரித்தபோது, அறிவியலும் அந்த இனத்தையே தனித்து அடையாளம் கண்டது.

குடையை வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடி வைத்தால் நுண்வித்துகள் உதிரும். புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பு. நச்சுள்ள குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் காளானுடையது பச்சை. ஆனால் நிறம் மட்டும் போதாது. அமானிட்டாவின் தூளும் வெண்மை, நாம் உண்ணும் பால் காளானின் தூளும் வெண்மை. அடித்தண்டைத் தோண்டி, உறைபோன்ற கிண்ணம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

இனிப் புரதக் கணக்கு. உலர்ந்த காளானில் நைட்ரஜன் 4 விழுக்காடு என்று கொள்வோம். வழக்கமான 6.25ஆல் பெருக்கினால் புரதம் 25 விழுக்காடு. ஆனால் அந்த நைட்ரஜனில் ஒரு பகுதி செல்சுவரின் கைட்டினைச் சேர்ந்தது. அதனால் காளானுக்கு 4.38ஆல் பெருக்குவது முறை, விடை 17.5 விழுக்காடு. மேலும், பச்சைக் காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். ஆகவே 100 கிராம் பச்சைக் காளானில் கிடைப்பது 1.75 கிராம் புரதமே. ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் உள்ளது! உலர்ந்த காளானைப் பச்சை இறைச்சியோடு ஒப்பிடுவது நேர்மையான தராசு அன்று.

இதனால் காளான் பயனற்றது என்று பொருளல்ல. கொழுப்புக் குறைவு, பி தொகுதி வைட்டமின்களும் பொட்டாசியமும் உண்டு. வெயில் பட்டால் அதிலுள்ள எர்கோஸ்டிரால் வைட்டமின் டி2 ஆக மாறும்.

காளானைப் பற்றி எழுதுவோர் எந்த இனம், பச்சையா உலர்ந்ததா, எந்தப் பெருக்கெண் என்ற மூன்றையும் சொல்லட்டும். மாணவர்களே, அறியாத காளானில் வித்துப் பதிவு எடுங்கள், கையைக் கழுவுங்கள். குழம்புக்குப் பண்ணையில் வளர்த்த சிப்பிக் காளானே போதும்.