சபை நாகரிகமும் தோட்டத்து மரியாதையும்

மலேசியத் தமிழ் இலக்கியக் கூட்டங்களில் விமர்சனத்தை நிறுத்தப் பயன்படும் சொல் ஒன்று உண்டு: மரியாதை. பொன்னாடை போர்த்தி, பிரமுகர் முதல் நூலைப் பெற்று, வாழ்த்துரைகள் முடிந்தபின் யாராவது எழுந்து, “இந்தக் கதையில பாத்திரமே உருவாகலையே” என்றால் போதும். “பெரியவங்க இருக்கிற இடத்துல இப்படியா பேசுறது?” என்று பதில் வரும். கேள்வி கதையைப் பற்றியது, பதில் வயதைப் பற்றியது. இதில் எரிச்சலடைந்தவர்கள் எதிர்க்கரைக்குப் போய், திட்டுவதே நேர்மை என்று நம்பத் தொடங்குகிறார்கள். இரண்டு தரப்பும் கதையைத் திறப்பதில்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்குச் சில ஆண்டுகளாகப் போய் வருகிறேன். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஹோட்டலிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை பார்க்கும் இளைஞர்கள், கொழுந்து பறித்து ஓய்ந்த இரண்டு அம்மாக்கள். இன்று மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. தோட்டத்துக் கதையைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களே எடைபோடும் சபைகள் இனி அதிகம் இருக்கப் போவதில்லை.

அந்தக் கூட்டத்தில் குரல் உயர்ந்ததே கிடையாது. முதலில் கிராணி பேசுவார், பிறகு ஆசிரியர்கள். இளைஞர்கள் தலையாட்டுவார்கள். அம்மாக்கள் தேநீர் ஊற்றுவார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு மிகப் பண்பான கூட்டமாகத் தெரியும். எனக்கு அது பெரட்டுக்களத்தில் ஆள் நிற்கும் வரிசையாகத்தான் தெரிந்தது.

துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற அடுக்கு தேயிலைக்கும் ரப்பருக்கும் பொது. அந்த அடுக்கில் மரியாதை என்பது என்னவாக இருந்தது என்பதற்கு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவம், பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை கேட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை வந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கூலிக்கும் மருந்துக்கும் பக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒருவர் மட்டுமே இறங்க வேண்டிய மரியாதை வெறும் அடங்கல் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேச்சுரிமையும் சைக்கிளும் ஒரே தாளில் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ரோட்டில் இறங்கி நிற்பவன் சபையிலும் இறங்கித்தான் நிற்பான்.

நம் மரபில் வேறொரு அளவுகோலும் இருக்கிறது. மணிமேகலையின் விழாவறை காதையில், புகாரின் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன் வாதம் செய்ய வருபவர்களுக்கும் சொல்லி வைக்கிறான்: பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறுங்கள், பகைவரோடு கூடச் சினமும் சண்டையும் வேண்டாம். இளையவனுக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று என்று அங்கே பிரிவினை இல்லை. மேடை ஏறும் எல்லோருக்கும் ஒரே விதி.

இந்த மண்ணிலும் முயற்சிகள் நடந்தன. 1950இல் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளைப் பேசவைத்தார். கதையைக் கதையாகப் பேசலாம் என்ற பழக்கம் இங்கே வேர்பிடித்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வகுப்பு என்றால் ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்தவரைத் திருத்துவது யார்? பின்னால் வந்த நாம் கலந்து பேசுவதைக் கைவிட்டு நாற்காலியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

இன்னொரு தேயிலை மலையான ஊட்டியில், நாராயண குருகுலத்தில் ஜெயமோகனும் நண்பர்களும் நடத்திவந்த முகாமில் விதிகளை முன்னதாகவே சொல்லிவிடுவார்கள்: தலைப்பை விட்டு விலகக் கூடாது, தனிப்பட்ட தாக்குதல் கூடாது. தேவையான விதிகள்தான். ஆனால் அவை பேச வந்தவர்களுக்குக் கடிவாளம் போடுபவை. தோட்டத்துச் சபையின் நோய் அதிகப் பேச்சு இல்லை, மௌனம். வாயே திறக்காதவரிடம் போய் “நாகரிகமாப் பேசுங்க” என்று சொல்லி என்ன பயன்?

கேமரன் மலையில் நாங்கள் உட்கார்ந்து நான்கு விதிகள் செய்தோம். வயதில் சிறியவர் முதலில் பேசுவார். யாரும் யாரையும் ‘நீ’ என்று அழைக்கக் கூடாது, ஆசிரியர் தன் பழைய மாணவனைக்கூட. குறையோ நிறையோ, கதையில் ஓர் இடத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். எழுதியவர் கடைசியில்தான் பேசலாம். “ஐயா, சார் வேணாம்” என்றும் ஓர் இளைஞர் கேட்டார். “அது வாய்ல வராதுப்பா” என்றார் ஓர் அம்மா. அதை அவரவர் வாய்க்கே விட்டுவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில், பனியில் பாடிக்கொண்டே கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றிய கதையொன்று வந்தது. அதே அம்மா சொன்னார்: “காலைல வெரலு வெறச்சிப் போயிரும். அட்டை கடிக்கும். இவ மொத பத்தியிலேயே பாடுறா. எங்களுக்கு மத்தியானம் வெயில் வந்தாத்தான் வாயே தொறக்கும்.” அதுவரை அந்தக் கதையைப் பற்றி வந்த வாழ்த்துரைகள் எதிலும் இல்லாத கூர்மை இதில் இருந்தது. கிராணி கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கு அந்தக் கதை இப்பவும் புடிச்சிருக்கு. ஆனா அவங்க சொல்றது சரி” என்றார். எழுதியவர் அதன்பின் வரவில்லை. மரியாதை இல்லாத இடம் என்று வெளியே சொல்கிறாராம். அவர் வராதது எங்களுக்கு இழப்புதான்.

வேறு ஊர் வாசகர்கள் இந்த விதிகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்கள் மௌனத்துக்குச் செய்த மருந்து அவர்கள் நோய்க்குக் கேட்குமா என்று தெரியாது. அவர்களே செய்துகொள்ளட்டும். செய்யும்போது, விதி யாரைக் கட்டுமோ அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். நடு நாற்காலியில் இருப்பவரை அது முதலில் கட்ட வேண்டும்.