ஆன்கி: மின்னட்டையோடு ஓர் ஆண்டு

"பென்சிலைக் கொடு" என்றேன். அவள் நோட்டை விரித்தாள், ஸ்கேலை வைத்தாள், நேராக ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான்காம் வகுப்பு. பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் வேலை. நான் சொன்ன சொல்லை அவள் கவனமாகத்தான் கேட்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது 'கோடு'. அது எனக்குப் புரியவே பல மாதங்கள் ஆயின. புரியவைத்தது ஒரு செயலி. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பள்ளியைச் சுற்றி லைன் வீடுகள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல ஊர்க் குடும்பங்கள். பிள்ளைகள் வருடத்தின் எந்த மாதத்திலும் வந்து சேருவார்கள். ஜூனில் 'அம்மா, ஆடு' நடத்தும்போது இல்லாத குழந்தை அக்டோபரில் நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இவர்களுக்காக நானே கத்தரித்து ஒட்டிய மின்னட்டைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த அட்டையை எப்போது மறுபடி காட்டுவது என்ற கணக்கை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. இணையம் வழியாகப் பழகிய ஆசிரியத் தோழி ஒருவர்தான் "ஆன்கி போட்டுப் பாருங்க" என்றார்.

ஆன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். டேமியன் எல்ம்ஸ் என்பவர் உருவாக்கி 2006இல் வெளியிட்டார். கணினிக்கான மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு ஆன்கிடிராய்டு என்ற பெயரில் தன்னார்வலர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள், அதுவும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் காசு, ஒரே தடவை சுமார் 25 டாலர். ஒரு எச்சரிக்கை: ஆன்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சந்தா கேட்கும் வேறு செயலிகள் கடையில் உண்டு. இறக்கும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

செயலியின் வேலை ஒன்றே ஒன்றுதான். அட்டையின் முன்பக்கத்தைக் காட்டும். நாம் பதிலை நினைத்துக்கொண்டு திருப்ப வேண்டும். தெரிந்ததா, தெரியவில்லையா என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தெரியவில்லை என்றால் அதே அட்டை சில நிமிடத்தில் திரும்ப வரும். தெரிந்தால் நாளைக்கு, அப்புறம் சில நாள் கழித்து, பிறகு வாரக்கணக்கு, மாதக்கணக்கு என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் 1885இல் மறதியை அளந்து எழுதியதிலிருந்து தொடங்கும் பழைய சங்கதிதான் இது. 2023 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறையும் உண்டு. அமைப்பில் போய் நாம்தான் அதை இயக்க வேண்டும். பத்து அட்டை காட்டினால் ஒன்பது நினைவிருக்கும் என்ற கட்டத்தில் ஒவ்வொன்றையும் எடுத்து வரப் பார்க்கும். மறக்கப்போகும் நேரத்தில் வந்து நிற்கும் அட்டை, மறந்தபின் வரும் அட்டையைவிடப் பல மடங்கு மேல்.

நான் பயன்படுத்தியது ஐந்து வருடப் பழைய மடிக்கணினியும் என் போனும். முதல் நாளே இரண்டு அமைப்புகளை மாற்றினேன். தினமும் 20 புதிய அட்டை என்று தானாக வைத்திருப்பதை 5 ஆக்கினேன். பதில் பொத்தான்கள் நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம்: 'அகெய்ன்', 'குட்'. நான்கு பொத்தானையும் எடைபோட்டு அழுத்துவது பெரியவர்களுக்கே சிரமம்.

அட்டை செய்வது சுலபம். ஆன்கிடிராய்டில் புதிய குறிப்பைத் திறந்து சொல்லைத் தட்டி, படத்தைச் சேர்த்து, மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். கணினியில் எஃப்5 அழுத்தினால் பதிவு தொடங்கும். சொல், படம், ஒலி, பேச்சு வழக்கு என்று நான்கு கட்டம் வைத்தேன். ஒரு குறிப்பை எழுதினால் அதிலிருந்து இரண்டு அட்டைகள் தானாக உருவாகும்படி அமைக்கலாம்: ஒலி கேட்டுப் படத்தைச் சொல்வது ஒன்று, படம் பார்த்துச் சொல்லைச் சொல்வது இன்னொன்று. போனில் இருக்கும் செயற்கைக் குரலையே தமிழ் படிக்க வைக்கவும் வழி உண்டு. நான் அதை விட்டுவிட்டேன். டீச்சரின் குரல் போனிலிருந்து வந்தால் குழந்தையின் முகம் மலர்கிறது, அதைவிட்டு இயந்திரத்திடம் போக எனக்கு மனமில்லை.

அந்தக் குரலைத் திரும்பக் கேட்டபோதுதான் என் முதல் பாடம் கிடைத்தது. வாழைப்பழம் என்று பதிவு செய்ததாக நினைத்திருந்தேன். போனில் கேட்டது 'வாளப்பளம்'. பத்தொன்பது வருடமாக வகுப்பில் ழகரம் சொல்லிக்கொடுக்கிறேன். நிதானமாக நடத்தும்போது ஒழுங்காக வருகிறது, போகிறபோக்கில் பேசும்போது நழுவிவிடுகிறது. அன்று உட்கார்ந்து முப்பது சொற்களை மறுபடி பதிவு செய்தேன்.

இரண்டாவது பாடம் பெரியது. ஒரே அட்டையில் எட்டு முறை தவறினால் ஆன்கி அதற்கு 'லீச்' என்று குறியிடும். லீச் என்றால் அட்டை. வயல் வரப்பில் காலில் ஒட்டி ரத்தம் குடிக்குமே, அது. நேரத்தை உறிஞ்சும் சொல் என்று பொருள். அந்தக் குறி விழுந்த அட்டைகளை மட்டும் தேடித் தனியாகப் பார்க்கலாம். பீகார்க் குழந்தைகளுக்கு வழி, வலி, வளி என்று ழகர, லகர, ளகரச் சொற்களே வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். அவையும் இருந்தன. ஆனால் மேலே குவிந்து கிடந்தவை வேறு: கொடு, கோடு. எடு, ஏடு. தொடு, தோடு. பெட்டி, பேட்டி.

அன்று மாலை இந்தி எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் எ வேறு, ஏ வேறு. ஒ வேறு, ஓ வேறு. குறிலை நெடிலாக்கினால் பொருளே மாறிவிடும். இந்தியில் அந்தப் பிரிவு இல்லை, இரண்டும் நெடிலாகவே ஒலிக்கும். ஆக அந்தக் குழந்தையின் காதில் நான் சொல்லும் கொடுவும் கோடுவும் ஒரே சொல். பென்சிலும் ஸ்கேலும் அப்போதுதான் எனக்கு விளங்கின. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ளகரத்தில் லீச் குறியே விழவில்லை என்பதையும் கவனித்தேன். ஒடியாவில் ள உண்டு, ண உண்டு. இந்தி பேசும் குழந்தைக்கு மலையாக நிற்கும் பள்ளி, பல்லி வேறுபாடு அவனுக்கு வீட்டிலிருந்தே கொண்டு வந்த சொத்து. 'வடநாட்டுப் பிள்ளைகள்' என்று ஒரே பெயரில் அழைத்து, ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ககரமும் இப்படித்தான் பிடிபட்டது. 'பகல்', 'தங்கம்' இரண்டிலும், க சொல்லின் முதலில் வரும்போதுள்ள வல்லொலியையே அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். இந்தியில் நான்கு எழுத்து இருக்கும் இடத்தில் நம்மிடம் ஒரே க. சொல்லின் முதலில் ஓர் ஒலி, இரட்டித்தால் அதே வன்மை, மெல்லினத்துக்குப் பின்னால் வேறு, இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னும் மென்மை. தாய்மொழிக்காரர்களான நாம் யோசிக்காமலே மாற்றிக்கொள்கிறோம். கல், பக்கம், தங்கம், பகல் என்று நான்கு சொல்லை அடுத்தடுத்து வைத்து அட்டை செய்தபிறகு வாசிப்பு திருந்தியது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவை சின்னவை அல்ல.

ஆன்கி தனி மனிதருக்காகச் செய்யப்பட்டது, வகுப்பறைக்காக அல்ல. யார் எத்தனை அட்டை முடித்தார்கள் என்று ஆசிரியர் ஒரே திரையில் பார்க்க அதில் வழி இல்லை. முதல் மாதம் என்னிடம் இருந்த ஏழு குழந்தைகளையும் ஒரே கணக்கில் வைத்து, கூட்டமாகப் பதில் சொல்ல வைத்தேன். அது தவறு. சத்தமாகச் சொல்லும் பிள்ளையின் நினைவைத்தான் செயலி கணக்கு வைத்தது. பிறகு மடிக்கணினியில் ஆளுக்கொரு 'புரொஃபைல்' திறந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குழந்தைக்கு நான்கு நிமிடம், ஏழு பேருக்கு அரை மணி. ஏழு பேர் என்பதால் நடந்தது. முப்பது பேர் என்றால் இந்த வழி ஓடாது.

வீட்டில் செய்யச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வீட்டுப் போன் அப்பாவிடம் இருக்கும். அவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

விடுமுறை அடுத்த சங்கடம். கோடை விடுமுறை முடிந்து திறந்தால் பார்க்க வேண்டிய அட்டைகள் மலைபோல் குவிந்து நிற்கின்றன. ஒரு நாளில் காட்டும் மீள்பார்வை 200 வரை போகலாம் என்று தானாக வைத்திருக்கிறது. அதை 30க்குக் குறைத்தேன். பாக்கி மெதுவாகக் கரைந்தது. திரையின் தோற்றமும் வறட்சியானது: சாம்பல் பின்னணி, பட்டியல், எண்கள். நட்சத்திரமோ பாட்டோ கிடையாது. குழந்தையைத் தனியே உட்கார வைத்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும், பக்கத்தில் ஆள் வேண்டும். எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த அந்த நான்கு நிமிடம்தான் பல குழந்தைகளுக்கு அன்றைக்கு டீச்சரோடு தனியாகக் கிடைத்த நேரம்.

ஆசிரியர்களுக்குள் இது எப்படிப் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். அட்டைக்கட்டை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பலாம், வாங்குபவர் தொட்டால் திறந்துகொள்ளும். ஏற்றுமதியின்போது, மீள்பார்வைத் தேதிகளைச் சேர்க்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உங்கள் மாணவரின் கணக்கு அடுத்த பள்ளிக் குழந்தையின் தலையில் ஏறும். சொற்பட்டியலை எக்செல்லில் செய்தால் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். குழுவில் ஒருவர் போனை மாற்றியபோது இரண்டு மாதப் பதிவுகள் போயின. அதற்குப் பிறகு எல்லோரும் ஆன்கிவெப் கணக்கு தொடங்கி, வாரம் ஒரு முறை ஒத்திசைவு செய்கிறோம். அதற்கும் கட்டணம் இல்லை.

குழுவில் மிக நீண்ட விவாதம் 'தண்ணீர்' அட்டையைப் பற்றி நடந்தது. "புத்தகத்துல இருக்கறதத்தான் சொல்லிக்கொடுக்கோணும்ங்க, பரீட்சைக்கு அதுதான" என்றார் ஒரு மூத்த ஆசிரியர். "கடையில போய் தண்ணீர் வேண்டும்னு கேட்டா சிரிப்பாங்கக்கா, அப்புறம் குழந்தை வாயையே தொறக்காது" என்றார் இளையவர். இரண்டு நாள் குரல் செய்திகள் பறந்தன. இருவர் சொன்னதும் சரி. வகுப்பறைத் தமிழும் தெருத் தமிழும் இரண்டு மொழிபோல இருப்பதை, புதிதாக வரும் குழந்தை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுகிறது. நாங்கள்தான் சொல்வதில்லை. கடைசியில் முன்பக்கம் 'தண்ணீர்', பின்பக்கம் திருப்பினால் 'தண்ணி' என்று இரண்டு ஒலியும் வைத்தோம். 'வந்துகொண்டிருக்கிறேன்' அட்டையின் பின்னால் 'வந்துட்டு இருக்கேன்'. இந்த ஒரு மாற்றத்துக்காகவே பேச்சு வழக்கு என்ற கட்டம் எங்கள் அட்டைகளில் நிலைத்தது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்று ஆறு பேர் சண்டை போட்ட அந்த இரண்டு நாள் அளவுக்கு எதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஆன்கியை மட்டும் வைத்து மொழி வராது. சொல் தெரிந்த குழந்தைக்குச் சொற்றொடர் வேண்டும், கதை வேண்டும். அதற்கு நாங்கள் போவது ஸ்டோரிவீவர் தளத்துக்கு. பிரதம் புக்ஸ் நிறுவனம் அதை 2015இல் தொடங்கியது. ஒரே படக்கதை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கிடைப்பது எங்கள் வகுப்புக்குப் பெரிய வரம். கதைகளும் படங்களும் திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் படங்களை அட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கதையிலிருந்து பத்துச் சொல் எடுத்து அட்டையாக்கி, ஒரு வாரம் பழகவிட்டு, பிறகு கதையை அச்செடுத்துக் கையில் கொடுக்கிறேன். தெரிந்த சொல்லைக் கதைக்குள் கண்டதும் விரலை வைத்து நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. பத்துப் பேருக்குள் அடங்கும் சிறு குழுவுக்கு, பக்கத்தில் உட்கார ஆசிரியர் இருந்தால், ஆன்கியைத் தயங்காமல் எடுக்கலாம். பெரிய வகுப்புக்கு அது பொருந்தாது. பெற்றோரிடம் போனைக் கொடுத்துவிட்டு மொழி வந்துவிடும் என்று நம்புவதற்கும் உதவாது. காசு செலவில்லை, இணையம் எந்நேரமும் இருக்க வேண்டியதில்லை, பழைய கணினி போதும். முதல் இரண்டு வாரம் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் வேறு மொழிக் குழந்தைகள் இருந்தால் பத்து அட்டையோடு ஆரம்பியுங்கள். பிறர் செய்த அட்டைக்கட்டை இறக்க வேண்டாம், உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கொடுவையும் கோடுவையும் முதல் வாரத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.