கொங்கிற்பிராட்டியின் திருமாளிகை: ஒரு மறுநோக்கு

108 திவ்யதேசங்களுள் கொங்குநாட்டுத் திருப்பதி ஒன்றும் இல்லை. ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற ஸன்னிதி இல்லாத இந்நாட்டிற்கு ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் அழியாத இடம் எவ்வாறு வாய்த்தது? கோபுரத்தால் அன்று, ஒரு குடும்பஸ்த்ரீயின் அடுக்களையால் வாய்த்தது என்பதே குருபரம்பரை தரும் விடை. நம்பிள்ளையின் திருவடி ஸம்பந்தமுடைய பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் கூறும் கொங்கிற்பிராட்டி வைபவத்தை இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய முற்படுகிறது.

வைபவம் அனைவரும் அறிந்ததே. கொங்குநாட்டில் பஞ்சம் நேரவே ஓர் அந்தணர் தம் மனைவியுடன் திருவரங்கம் சென்று வாழ்ந்தார். மாதுகரத்திற்கு எழுந்தருளும் எம்பெருமானாரை அரசரும் பெரியோரும் வணங்குவதைக் கண்ட அம்மாது, இரந்துண்பவரை இவர்கள் வணங்குவது ஏன் என்று அவரிடமே வினவினாள். பகவத்விஷயமான சில வார்த்தைகளைச் சொல்வதனால் என்று அவர் அருளிச்செய்ய, அவற்றைத் தனக்கும் அருள வேண்டினாள், த்வயம் பெற்றாள். ஊர் திரும்பும் வேளையில், பெற்றதை மறந்தேன் என்று மீண்டும் விண்ணப்பித்து மறுபடியும் கேட்டுக்கொண்டாள். அவருடைய பாதுகைகளையும் பெற்றாள். பின்னர்ச் சோழனால் விளைந்த இடரில் உடையவர் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டிற்கு எழுந்தருளியபோது, நீலகிரிச் சாரலில் வேடர்கள் தேனும் தினையும் கொடுத்து உபசரித்தனர். அடுத்து ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டி அமுது செய்தது இப்பிராட்டியின் மனையில்.

இவ்வைபவம் இக்காலத்தில் இருவகையாகப் படிக்கப்படுகிறது. சாரலின் அடிவாரம் என்றதும் மேட்டுப்பாளையமோ, பவானிக்கரையின் வேறோர் ஊரோ தன்னதென்று உரிமை கொண்டாடுவது ஒருவகை. கல்வெட்டுச் சான்று இல்லாத கதை என்று ஒதுக்குவது மற்றொன்று. இரண்டும் நூலின் கருத்தைத் தொடவில்லை. ப்ரபாவம் நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேல் பிற்பட்டது. இடர் விளைத்த சோழன் யாவன் என்பதிலும் ஆய்வாளர்க்குள் ஒருமிப்பு இல்லை. ஆயினும் ஒரு ஸமூஹம் தன் இக்கட்டை எவ்வாறு நினைவிற்கொண்டது, எவரால் தான் காக்கப்பட்டதாகக் கருதியது என்பதற்கு இந்நூலே முதற்சான்று. இலக்கியம் சரித்திரத்திற்குச் செய்யும் உபகாரம் இது.

நூலின் நுட்பத்தைக் காண்போம். உடையவர் திருவரங்கத்தை விட்டது கூரத்தாழ்வானுடைய வெள்ளைச் சாத்துபடியுடன். காஷாயமும் த்ரிதண்டமும் ஆழ்வானிடம் சென்றுவிட்டன. அதாவது ஆசார்ய பீடத்தை உலகிற்கு அறிவிக்கும் அடையாளங்கள் யாவும் கழிந்த நிலையில் அவர் அம்மனையின் வாசலில் நிற்கிறார். கோஷ்டியினரோ கண்ட இடத்தில் உண்போமல்லோம் என்று மறுக்கின்றனர். அவள் தான் எம்பெருமானாரின் ஸம்பந்தம் பெற்ற வரலாற்றைச் சொல்கிறாள். தளிகை முடிந்தபின் அவள் கோயிலாழ்வாரில் புகுந்து செய்வது யாதென்று பார்த்துவருமாறு உடையவர் ஒருவரை நியமிக்கிறார்; அங்கே அவள் ஆராதிப்பது அப்பாதுகைகள். அவளோ வந்தவர்களின் திருவடிகளைப் பார்த்து, வெள்ளை உடுத்திருந்தவரின் திருவடி உடையவருடையது போன்றிருக்கக் கண்டு திகைக்கிறாள்.

இங்கே சோதனை இருபுறமும் நிகழ்கிறது என்பதை உபந்யாஸங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஆசார்யன் சிஷ்யையைச் சோதிக்கிறார். சிஷ்யையும் ஆசார்யனைத் தேர்ந்து அறிகிறாள். வேஷம் அவளுக்கு ப்ரமாணமாகவில்லை. தான் நாள்தோறும் பேணிய பாதுகையின் அளவே ப்ரமாணமாயிற்று. உடையவர் காஷாயத்தை மீண்டும் தரித்ததும் இந்நாட்டில் என்பர். மடமும் கோயிலும் கைவிட நேர்ந்த காலத்தில் ஸம்ப்ரதாயத்தின் அடையாளம் ஓர் இல்லத்தில் காப்பாற்றப்பட்டு, உரியவரை அறிந்துகொள்ள உதவியது என்பதே இதன் உட்பொருள்.

குடும்பத்தைப் பற்றி இவ்வைபவம் கூறுவதும் சிந்திக்கத்தக்கது. இன்று ஸமயம் பரம்பரைச் சொத்து என்று பேசுகிறோம். பிறந்த வீட்டில் தானே வந்துசேரும் என்று நம்பி, வரவில்லையே என்று இளையோரை நோகிறோம். பிராட்டிக்கு அது பிறந்தவீட்டிலிருந்தும் வரவில்லை, புகுந்தவீட்டிலிருந்தும் வரவில்லை. பஞ்சம் பிழைக்கச் சென்ற ஊரில், தானே கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. அக்கேள்வியும் பணிவானதன்று, சற்றே துணிவானது. அவள் மறந்தாள், மறந்ததை மறைக்காமல் மீண்டும் கேட்டாள். கணவரும் பின்னர் அவள் வழியே திருவடி ஸம்பந்தம் பெற்றார். கேட்பதற்கும், மறந்தேன் என்று சொல்வதற்கும் இடமுள்ள இல்லத்தில்தான் ஸம்ப்ரதாயம் தங்குகிறது என்று கொள்வதே பொருந்தும்.

எனினும் இங்கே ஒரு நெருடலை மறைத்தலாகாது. காட்டில் முதலில் பசி தீர்த்தவர்கள் வேடர்கள். அவர்களும் நல்லான் சக்ரவர்த்தியின் உபதேசத்தால் எம்பெருமானாரையே பற்றியிருந்தவர்கள். ஆயினும் அவர்களிடம் கொள்ளப்பட்டவை தேனும் தினையுமே. சமைத்த அமுதிற்கு அந்தணர் மனை வேண்டியிருந்தது. பிராட்டிக்கு நாட்டின் பெயராவது நின்றது. வேடர்கள் பெயரின்றியே நின்றனர். பாகவதனின் பிறப்பை ஆராய்தல் கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அறுதியிட்டார். மணவாள மாமுனிகளும் அதனை விரித்துரைத்தார். அவ்வளவுகோலைக் கொண்டு நம் பூர்வசரித்திரத்தையும் அளப்பது குறையாகாது. அளவுகோலைத் தந்தவர்களும் நம் பூர்வர்களே.

இந்நோக்கு ஏட்டளவில் நிற்பதன்று. மேட்டுப்பாளையத்தை அடுத்த காரமடை அரங்கநாதன் ஸன்னிதியில் மாசிமகப் பெருவிழாவில் தாசர்கள் பந்தசேவையும் தண்ணீர்சேவையும் செய்கின்றனர். நீலகிரியின் கீழ்விளிம்பிலுள்ள அரங்கசுவாமி சிகரம் இருளர்களின் வழிபாட்டிடம். இவர்கள் ப்ரபாவம் கூறும் வேடர்களின் வழியினர் என்று சொல்ல ஆதாரம் இல்லை; சொல்லவும் வேண்டா. ஆனால் மலையிலும் அடிவாரத்திலும் அரங்கன் பெயரைத் தாங்கிநிற்பவர்கள் இவர்கள். வ்யாக்யானம் கற்றோம் என்னும் நாம் இவர்களிடம் கேட்டறிந்தது என்ன? இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் காலக்ஷேப கோஷ்டியில் இடம் உண்டா?

இலக்கியமும் சரித்திரமும் ஸமயமும் குடும்பமும் தற்கால ஸமூஹத்தை உருவாக்குகின்றன என்று மேடைகளில் பொதுப்படக் கூறுவது எளிது. இவ்வைபவத்தில் அந்நான்கும் ஒரே வாசலில் கூடுகின்றன. அவ்வாசல் எந்த ஊரில் இருந்தது என்று தேடுவதினும், துணிந்து கேட்ட ஒருத்திக்குத் திருவரங்கத்தில் கிடைத்த விடை இன்று நம் வாசலில் கேட்பவர்க்கும் கிடைக்குமா என்று ஆராய்வதே இந்நாட்டார்க்கு அடுத்த காரியம்.