வில்லாளியின் முழங்கைக்கு எது மருந்து?

அம்பு எய்பவருக்கு முழங்கையில் நோ வந்தால் கொழும்பில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிப் பாமசி எதற்குள் நுழைந்தாலும் டைக்ளோபினாக் ஜெல் ஒரு குழாய் கையில் வைப்பார்கள். கொட்டாஞ்சேனையில் சித்தாலேப களிம்பு டப்பா இல்லாத அலுமாரி குறைவு. அம்மம்மா இருக்கிற வீடென்றால் தைலமும் சூடாகும். வைத்தியரைச் சனல் பண்ணிப் போனால், "ஊசி ஒண்டு போடுவம் தம்பி, மாறிடும்" என்பார். கூட எய்யும் அண்ணாமார், "ஒரு மாசம் வில்லைத் தொடாதை" என்பார்கள். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன சான்று இருக்கிறது, அந்தச் சான்று வில் பிடிக்கும் கைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்த்த பிறகே எதையும் நம்பலாம்.

எந்தக் கை, எந்தப் பக்கம் என்பதே முதற் கேள்வி. வில்லைத் தாங்கும் கையில் நோ பெரும்பாலும் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் தொடங்கும். மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் தசைகள் அங்கேதான் வேர் கொண்டிருக்கின்றன. டெனிஸ் எல்போ என்று ஊரெல்லாம் அறிந்தது இதுதான். நாணை இழுக்கும் கையில் நோ உட்பக்க முனையில் வருவது வழக்கம். மூன்று விரல்களையும் மடக்கி நாணைப் பிடித்திருக்கும் தசைகளின் வேர் அது. கோல்ப் ஆடுபவர்களுக்கும் அதே இடம்தான்.

ஆனால் இழுக்கும் கையிலும் வெளிப்பக்கம் நோகலாம். ஏனென்று துருக்கியின் ஹைரி எர்தானும் சக ஆய்வாளர்களும் 2003 இல் வெளியிட்ட தசை மின்பதிவு ஆய்விலிருந்து விளங்கிக்கொள்ளலாம். நாணை விடும்போது விரல் மடக்கும் தசை மெல்லத் தளர்கிறது. அதோடு வெளிப்பக்க முனையில் வேர் கொண்ட விரல் நிமிர்த்தும் தசையும் சுருங்கி வேலை செய்கிறது. தேர்ந்தவரில் இது ஒவ்வொரு அம்புக்கும் ஒரே மாதிரி நடக்கிறது. புதியவர் விரலைச் சடாரென்று விரித்து விடுகிறார். பிறகு வில் விழுந்துவிடும் என்ற பயத்தில் மற்றக் கை பிடியை இறுக்கிப் பிடிக்கிறது. விரலில் கட்டும் சிறு வார் ஒன்று அந்தப் பயத்தைப் போக்கிவிடும். பிடி பெருவிரலின் அடிச்சதையில் மட்டும் அழுந்தும், மற்ற விரல்கள் சும்மா கிடக்கும். இழுக்கும் கையின் மணிக்கட்டு வெளியே வளைந்து நின்றால் முதுகு செய்ய வேண்டிய வேலை முன்கைக்கு வந்துசேரும். நோவோடு வருபவரின் கையைப் பார்ப்பதற்கு முன் அவர் ஆறு அம்பு எய்வதைப் பார்க்கிற வைத்தியர் கிடைத்தால் அது பாக்கியம்.

இனி ஊசி. ஸ்டெரொய்ட் ஊசியை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான சான்று உண்டு: அது உடனே வேலை செய்கிறது. 2002 இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் வெளிப்பக்க முழங்கை நோ உள்ள 185 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 வீதத்தினர் தேறியிருந்தார்கள். பிசியோவுக்குப் போனவர்களில் 47 வீதம். ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 32 வீதம். ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கணக்குத் தலைகீழாகிவிட்டது: ஊசி 69, பிசியோ 91, பொறுத்திருந்தவர்கள் 83. 2013 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த பிரிஸ்பேன் ஆய்வு இன்னும் கடுமையானது. அங்கே 165 பேரில் ஒரு சாராருக்கு ஸ்டெரொய்ட், மறு சாராருக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஒரு வருடத்தில் முழுதாகவோ பெருமளவோ தேறியவர்கள் ஸ்டெரொய்டில் 83 வீதம், உப்புநீரில் 96. நோ திரும்பி வந்தது முன்னவர்களில் 54 வீதத்தினருக்கு, பின்னவர்களில் 12 வீதத்தினருக்கு.

இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வில்லாளிகள் அல்லர். அவர்களின் நோ வெளிப்பக்க நோ. ஆகவே நாண் இழுக்கும் கையின் உட்பக்க நோவுக்கு இவற்றை அப்படியே ஒட்டிவிட முடியாது. உட்பக்கத்துக்கென்று 1997 இல் ஸ்டால், கவுஃப்மன் இருவரும் செய்த சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது, 60 முழங்கைகள். ஆறு வாரத்தில் ஊசிக்கு நன்மை, மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் வித்தியாசம் இல்லை. உட்பக்கத்தில் ஊசி கெடுக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நிலைத்த பலன் தந்தது என்றும் சொல்ல முடியாது.

ஊசியின் பலன் ஏன் நிலைப்பதில்லை? அழற்சி என்று நினைத்துத்தான் அழற்சியை அடக்கும் மருந்தைப் போடுகிறோம். 1979 இலேயே நெர்ஷல், பெற்றோன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் முற்றிய நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த தசைநாணில் கண்டது வேறு: ஒழுங்கு குலைந்த நார்கள், புதிதாக முளைத்த நுண்குழாய்கள். நாள்பட்ட நோவில் இருப்பது பெரும்பாலும் சிதைவு. சிதைந்ததைத் திரும்பக் கட்டுவதற்கு அந்த நார்களுக்கு அளவான இழுவை வேண்டும். ஊசி நோவை மட்டும் அணைக்கிறது. நோ இல்லாத கையோடு வில்லாளி அடுத்த ஞாயிறே பழைய வில்லைத் தூக்குகிறார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை, அந்த ஊசி சில நாளைக்கு இரத்தச் சீனியையும் ஏற்றிவிடும். தனியார் வைத்தியசாலைகளில் இப்போது சொல்லப்படும் பீஆர்பி, அதாவது சொந்த இரத்தத்திலிருந்து எடுத்த தட்டணுச் செறிவை ஏற்றும் ஊசி, செலவில் பெரியது. 2021 இல் கொக்ரேன் தொகுப்பாய்வு அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அந்தக் காசுக்கு வில்லின் மேலும் கீழும் வளையும் கைகளான லிம்ப் ஒரு சோடி வாங்கலாம்.

தைலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சூடும் தடவலும் உளைவைத் தணிக்கும், இரவில் நித்திரை வரும். தசைநாணை அது கட்டுவதாகச் சான்றில்லை, மெல்லத் தடவினால் கேடும் இல்லை. நோகிற முனையைப் பெருவிரலால் அழுத்தி உருவுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. ஜெல்லும் அப்படித்தான், ஆனால் அதைப் பூசிக்கொண்டு எய்யப் போவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம். முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டி சிலருக்கு அன்றாட வேலையில் உதவுகிறது. போட்டியில் அதை நம்பி நிற்பது வீண்.

முழு ஓய்வு என்பதுதான் அதிகம் மதிக்கப்படும் ஆலோசனை. எனக்கு அதன் மீதுதான் அதிகக் குறை. நோவைத் தூண்டும் வேலையைக் குறைப்பது சரி. ஆனால் ஒரு மாதம் ஒன்றும் செய்யாத தசைநாண் பலவீனப்பட்டுத்தான் திரும்பும். கொழும்பு வில்லாளியின் வாழ்க்கை இதை மேலும் மோசமாக்குகிறது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ அம்பு எய்ய இடமில்லை. கிழமை நாளில் வேலை, பின்னேரத்தில் காலி வீதி நெரிசல். ஆகவே ஆறு நாள் கை சும்மா இருக்கும். ஞாயிறன்று மைதானம் கிடைத்ததும் ஆசைக்கு 150 அம்பு. 40 பவுண்டு வில் என்றால் ஏறக்குறைய 18 கிலோ. 150 தரம் இழுத்தால் மூன்று விரல்களில் 2,700 கிலோ ஏறி இறங்கியிருக்கும், அதுவும் ஒரே காலைக்குள். தினம் பயிற்சி செய்பவரின் தசைநாண் தாங்கும் இந்தப் பாரத்தை வாரம் ஒருமுறை எய்பவரின் தசைநாண் தாங்காது. ஒரு மாத ஓய்வு இந்த மேடுபள்ளத்தை ஒரு மாத நீளத்துக்கு இழுக்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வால் மாறாவிட்டால் கத்திதான் என்பவர்கள் சச்சின் டெண்டுல்கரைச் சொல்வார்கள். கொழும்பு ரசிகருக்கு அந்தக் கதை பக்கத்துக் கதை. 2004 ஆகஸ்ட் 1 ஆம் திகதி கொட்டாஞ்சேனைக்குக் கிட்டத்தில் உள்ள கெத்தாராம அரங்கில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். 74 ஓட்டம் எடுத்தும் அவரால் இலங்கையின் வெற்றியைத் தடுக்க முடியவில்லை. அதே மாதம் நெதர்லாந்தில் இடது முழங்கை நோவால் வெளியே உட்கார்ந்தார். பாரமான மட்டைக்குப் பெயர் போனவர் அவர். 2005 மே மாதம் லண்டனில் சத்திரசிகிச்சை. ஒக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ஓட்டங்களோடு மீண்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஆடினார். இதில் சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு பங்கு, ஐந்து மாத மறுவாழ்வுப் பயிற்சிக்கும் கூடவே இருந்த பிசியோக்களுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறாத சிலருக்குக் கத்தி ஒரு வழி. ஊசி இரண்டு போட்டும் சரிவரவில்லை என்பதற்காகப் போகும் இடம் அல்ல அது.

உடற்பயிற்சிக்குச் சார்பானவன் நான். ஆனாலும் அதையும் மிகைப்படுத்தக் கூடாது. மேலே சொன்ன பிரிஸ்பேன் ஆய்விலேயே பிசியோ சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஒரு வருட முடிவில் வேறுபாடு தெரியவில்லை. பொறுத்திருந்தாலே பலருக்கு இந்த நோ போய்விடுகிறது. அப்படியென்றால் பயிற்சி எதற்கு? சாதாரண ஆள் தேறிய பிறகு கதவைத் திறப்பார், பை தூக்குவார். வில்லாளி திரும்பிப் போவது 18 கிலோவுக்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் தசைநாண் பொறுமையால் மட்டும் வந்துவிடாது. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும்: முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை நிமிர்த்தி முப்பது நாற்பது விநாடி அசையாமல் பிடிப்பது, சில வாரம் கழித்து அதையே மிக மெதுவாக இறக்குவது. உட்பக்க நோவுக்கு உள்ளங்கை மேலே பார்க்க அதே வேலை. செய்யும்போது சற்று நோகலாம். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருந்தால் அளவு சரி.

இதுவரை பேசிய மருந்து எதுவும் வில்லைத் தொடவில்லை. என் தீர்ப்பு அங்கேதான் விழுகிறது: கொழும்பில் வாரக் கடைசியில் மட்டும் எய்யும் ஒருவரின் முழங்கை நோவில் முதற் சந்தேகம் வில்லின் இழுப்புப் பாரமான பவுண்டேஜ் மீதும் அம்பின் எண்ணிக்கை மீதும்தான் விழ வேண்டும். முதல் மருந்தும் அவற்றைக் குறைப்பதுதான். லிம்பில் 36 என்று அச்சிட்டிருந்தால் அது 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. நீளமான கைக்காரர் 30 அங்குலம் இழுத்தால் அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு வீதம் 40 க்குக் கிட்ட வந்துவிடும். அவர் தன் வில் 36 என்றே சொல்லிக்கொண்டிருப்பார். 2022 இல் ரூபாய் சரிந்து டொலர் 360 ஐத் தொட்ட பிறகு இறக்குமதி லிம்பை இரண்டு தரம் வாங்க யாருக்கும் மனம் வராது. முதலிலேயே பாரமானதாக வாங்கி, "பழகினா சரியாயிடும்" என்று விடுகிறார்கள். பழகுகிறது முதுகு அல்ல, முழங்கைதான் சமாளிக்கிறது.

40 ஐ 30 ஆக்கச் சொன்னால் எந்த வில்லாளியும் முகம் சுழிப்பார். அதற்கு நியாயமும் இருக்கிறது. இலகுவான வில்லுக்கு அவருடைய அம்புகள் விறைப்பு மிஞ்சியவை ஆகிவிடும். வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். 70 மீற்றருக்குக் குறிபார்க்கும் ஊசியை இறக்க இடம் போதாது. புள்ளி விழும். நோவைத் தாங்கும் மனிதர் புள்ளி விழுவதைத் தாங்குவதில்லை. ஆகவே இலகுவான வில்லோடு இருக்கும் மாதங்களில் இலக்குத் தாளே வேண்டாம். ஐந்து மீற்றரில் வெறும் பலகை முன்னால் நின்று, ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது அம்பு. மைதானம் கிடைக்காத நாளில் மாடியிலேயே இறப்பர் பட்டியை இழுத்து முழங்கையை அம்புக் கோட்டுக்குக் கொண்டுவரப் பழகலாம். அம்பில்லாத வில்லை இழுத்து விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது, லிம்ப் வெடித்துவிடும். நோ அடங்கியதும் இரண்டிரண்டு பவுண்டாக ஏறலாம்.

நம் முன்னோர் இதைவிடப் பாரமான வில்லை இழுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வில்லைச் சின்னமாகக் கொண்ட சேரரையும் வில்லாற்றலுக்குப் பெயர்போன வல்வில் ஓரியையும் நினைவில் வைத்திருக்கும் இனத்துக்கு அந்தக் கேள்வி இயல்பு. அவர்களுடைய எலும்புகள் நம்மிடம் இல்லை. 1545 இல் மூழ்கி 1982 இல் தூக்கியெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலின் எலும்புகள் இருக்கின்றன. அதிலிருந்த விற்களின் இழுப்பை 100 முதல் 185 பவுண்டு வரை மதிப்பிடுகிறார்கள். தோள்பட்டை முனை எலும்பு ஒட்டாமல் நின்றுவிட்ட எலும்புக்கூடுகள் அங்கே வழமைக்கு மேல் கிடைத்தன. சிறுவயதிலிருந்தே பார வில் இழுத்ததன் தடம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாரத்துக்குப் பல வருடம் கொடுத்தவர்கள்கூட உடம்பால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கழகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொது அலுமாரியில் 20, 24, 28 பவுண்டு லிம்புகள் சில சோடி இரவல் கொடுக்க இருந்தால் பாதி ஊசிகளுக்குத் தேவையே வராது என்பது என் நம்பிக்கை. புதிதாக வருபவருக்கு முதல் வருடம் அதுவே போதும், நொந்து வருபவருக்கும் அதுவே போதும்.

இந்த முடிவு எல்லா நோவுக்கும் செல்லாது. மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்தால் உட்பக்கமாக ஓடும் நரம்பு நசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கைக்கு மின்னல் ஓடினால் காரணம் கழுத்தில் இருக்கலாம். படீரென்ற சத்தத்தோடு வந்த நோ, வீக்கம், கையை முழுதாக நீட்ட முடியாமை, இரவில் எழுப்பும் நோ, பிடி நழுவிக் கோப்பை கீழே விழுவது ஆகிய எதற்கும் போத்தல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. அன்றைக்கே வில்லைக் கழற்றி வைத்துவிட்டு, விளையாட்டு மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் கையைக் காட்ட வேண்டும். போகும்போது எத்தனை பவுண்டு, ஞாயிறன்று எத்தனை அம்பு என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.