கண்ணாடியில் தெரியும் தண்ணீர்

பாம்பன் பக்கம் டீ என்றால் பாய்லர் டீதான். தூளும் பாலும் சேர்ந்து நுரை பொங்குவது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் முழு இலைத் தேயிலைக்குக் கண்ணாடி டீ பாட்தான் சரி. நீலகிரி இலையைப் போட்டுக் கொதிநீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள். முறுக்கிக் கிடந்த இலை முதலில் மிதக்கும். ஈரம் ஏற ஏறப் பிரிந்து, ஒவ்வொன்றாய் அடியில் இறங்கும். சுற்றிலும் செம்பு நிறம் இழையிழையாகக் கசியும். அந்த நான்கு நிமிடம் நான் வேறு வேலை பார்ப்பதில்லை.

வாங்கும்போது போரோசிலிகேட் கண்ணாடியா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி கொதிநீரில் விரிசல் விடலாம். வடிகட்டி அகலமாக இருக்கட்டும், இலை விரிய இடம் வேண்டும். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை.

எங்கள் கரையில் தண்ணீரே பாதி டீ. ராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களில் கிணற்று நீர் உப்பு. கடின நீரில் டீ மங்கி, மேலே மெல்லிய ஏடு படியும். நீரிலுள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது அது. எவர்சில்வரில் தெரியாமல் போகலாம், கண்ணாடியில் மறைக்கவே முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த அன்று அதே இலை தெளிந்த செந்நிறம் காட்டும்.

இலங்கை இலையைப் போடும்போது மண்டபம் முகாம் நினைவுக்கு வரும். இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். அந்த இலையை அவசரமாகக் குடிக்க மனம் வராது.

கண்ணாடியில் உப்புக் கறை படிந்தால் எலுமிச்சைச் சாறு போதும். கம்பி நார் மட்டும் போடாதீர்கள்.