வார்த்தைக்கு எத்தனை பைசா?

'ஏ.ஐ. உங்கள் வேலையைப் பறிக்காது. ஏ.ஐ. தெரிந்த இன்னொருத்தர்தான் பறிப்பார்!'

இந்த வாசகத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது ஸ்லைடு போட்டுக் காட்டியிருப்பார்கள். பையனை காலேஜில் சேர்க்கப் போன இடத்தில் பிரின்சிபால் சொல்லியிருப்பார். கேட்கிறபோது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஏனென்றால் அவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டார்கள்.

2006-ல் நோக்கியா அங்கே போன் தயாரிக்க ஆரம்பித்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, வெளி மாவட்டங்களிலிருந்து, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர். வேலையில் குறை சொல்ல முடியாது. நம் சட்டைப்பையில் வருஷக்கணக்கில் கீழே விழுந்து விழுந்து எழுந்த போன்கள் அந்தக் கைகளில் பிறந்தவைதான். 2007-ல் ஐபோன் வந்தது. பின்னாலேயே ஆண்ட்ராய்டு. பட்டன் போனின் ஜாதகம் மாறிப்போனது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'விருப்ப' என்ற வார்த்தைக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது.

பக்கத்து ஸீட்டுக்காரி அதிகம் கற்றுக்கொண்டு வந்தா இவர்கள் வேலையைப் பறித்தாள்? இரண்டு பேருக்குமே வேலை போச்சு. முடிவெடுத்தவர்கள் எங்கேயோ இருந்தார்கள். (பிற்பாடு அந்த இடத்தை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கியது. ஐபோனுக்கு சார்ஜர் செய்கிற கம்பெனி. விதி சில சமயம் மெகா சீரியல் கதாசிரியர் மாதிரி யோசிக்கிறது.)

சரி, சாட்ஜிபிடிக்கும் இந்தப் பேட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஸ்க்ரூ முடுக்குகிறவரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த ஊர் தொழிற்சாலைகளில் பலரும் கவனிக்காத ஒரு உத்தியோகம் இருக்கிறது: துபாஷி. ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில் துய்ப்ளேவுக்குப் பார்த்த அதே வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஒரகடத்தில் கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று கொரியாவும் ஜப்பானும் வந்து இறங்கிய பின், நம் பிள்ளைகள் இன்கோ சென்டரிலும் ஏபிகே தோசோகாயிலும் உட்கார்ந்து அந்த பாஷைகளைப் படித்தார்கள். ஜப்பானிய மொழியில் என்2 தேறுவதென்றால் சுமார் ஆயிரம் எழுத்துக்கள். நாக்கு தள்ளிவிடும். பி.காமில் காஸ்ட் அக்கவுன்டிங் பாஸ் பண்ணவே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டவன் நான், அவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இவர்கள் வேலை இரண்டு தினுசு. ஒன்று, காகிதம்: மெயில், டிராயிங்கில் எழுதியிருக்கும் குறிப்பு, பாதுகாப்பு அறிவிப்பு. இன்னொன்று, வாய். லைன் நின்றுவிட்டது, வெளிநாட்டு மேனேஜர் கத்துகிறார், 'எந்த முட்டாள் செய்த வேலை இது?' துபாஷி நிதானமாக, 'எந்த இடத்தில் தப்பு நடந்ததுன்னு சார் கேக்கறார்' என்கிறார். மிஷினாக இருந்தால் 'முட்டாள்' என்பதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்துத் தந்திருக்கும். அப்புறம் லைன் ஓடின மாதிரிதான்!

இந்த வாய் வேலை இருக்கும். காகித வேலைதான் கையைவிட்டுப் போகிறது, அதுவும் முழுசாகப் போகவில்லை. அங்கேதான் சூட்சுமம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. முதலில் மிஷினிடம் கொடுப்பது, அது கக்கியதை மனுஷரிடம் கொடுத்து 'சும்மா ஒரு பார்வை பாருங்க' என்பது. பார்வை பார்ப்பதற்கு ரேட் கம்மி. வார்த்தைக்கு இத்தனை பைசா என்றிருந்தது பாதியாகும், அதற்கும் கீழே போகும். ஆனால் மிஷின் தைரியமாகப் போட்ட ஒரு தப்பான நம்பரைக் கண்டுபிடிக்க, மூலத்தை வரி வரியாகப் படித்துத்தானே ஆகவேண்டும்? உழைப்பு முக்கால், கூலி பாதி, தப்பு நடந்தால் பொறுப்பு முழுசாக இவர் தலையில். வேலை போகவில்லை. விலைதான் போனது. 'ஏ.ஐ. தெரிந்த' துபாஷிக்கும் அதே ரேட்தான் என்பதை அந்த ஸ்லைடு சொல்வதில்லை.

மிச்சமான காசு யார் பேரில் வரவு வைக்கப்பட்டது? காமர்ஸ்காரனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். நம்ம வாசகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. 'நீ இன்னும் படி, இன்னும் படி' என்று பழியைத் தொழிலாளி தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அதன்மேல் கோபமே அதனால்தான்.

படித்துக்கொண்டே இருக்காமல் கேட்டவர்களும் உண்டு. 2023-ல் அமெரிக்காவில் சினிமா, டி.வி. எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ.ஐ. எழுதியதைக் கையில் கொடுத்தால் கம்பெனி அதைச் சொல்லியாக வேண்டும், எழுத்தாளரை ஏ.ஐ. பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். மறு வருஷம் செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். சம்பளமும் உண்டு, ஆனால் பெரிய கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஹாலிவுட்டில் கதை எழுதுகிறவருக்கும் இங்கே ஃப்ரிட்ஜ் செய்கிறவருக்கும் வேண்டியிருந்தது ஒரே சாமான்தான்: பேச்சுவார்த்தை மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி. துபாஷிகளுக்கு அது கிடையாது. பலர் ஏஜென்சி மூலமோ தனித்தனியாகவோ வேலை பார்ப்பவர்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவருக்கு போன் போகும்.

நம் சினிமாவிலேயே இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். பாட்டு பிடிப்பதும் பிடிக்காததும் வேறு விஷயம்; கணக்கு நேராக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி'யைத் திரும்ப ரிலீஸ் பண்ணினார்கள். 2013-ல் செத்துப்போன ஹீரோ, ஏ.ஐ. புண்ணியத்தில் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். டைரக்டர் ஆனந்த் எல்.ராய் எதிர்த்தார், தனுஷ் எதிர்த்தார். படம் ஓடிற்று. உரிமை கம்பெனியிடம் இருந்தது.

தனுஷுக்கே இந்த கதி. ஒரகடத்தில் டிராயிங் மொழிபெயர்க்கிற பெண்ணுக்கு ஏஜென்சி நீட்டுகிற தாளில், மிஷின் செய்ததைத் திருத்த வார்த்தைக்கு எவ்வளவு, தப்புக்கு யார் பொறுப்பு, இவர் திருத்திக் கொடுத்ததை வைத்தே மிஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் அதற்கு எவ்வளவு என்று தனித்தனி வரி இருக்குமா? உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், அடுத்த கையெழுத்துக்கு முன் அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை படித்துப் பாருங்கள்.